சமூக அமைப்பின் தொழிற்பயிற்சித் திட்டங்களை நிர்வாகக் குழு உறுப்பினர் எவ்வாறு மதிப்பிடுவது?

கேள்வி: ஏரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு நடுத்தர நகரத்தில், மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். இங்கே ஏழைக் குடும்பங்களுக்காக நெடுங்காலமாக இயங்கிவரும் 'கம்யூனிட்டி ஆக்‌ஷன் ஏஜென்சி' ஒன்றின் நிர்வாகக் குழுவில், தனியார் துறையின் சார்பில் உறுப்பினராக இருக்க இயலுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு உதவுவது, ஹெட் ஸ்டார்ட் மழலையர் வகுப்புகளை நடத்துவது ஆகியவற்றோடு, வேலையற்றோருக்குத் தொழிற்பயிற்சியும் பதின்ம வயதினருக்குக் கோடைக்கால வேலைத் திட்டமும் அவர்களிடம் உண்டு.

அவர்கள் எனக்கு அனுப்பிய ஆண்டறிக்கையில், எத்தனை பேர் பயிற்சியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்ற எண்ணிக்கைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆனால், சான்றிதழ் பெற்றவர்களுள் எத்தனை பேர் ஓராண்டு கழிந்த பின்னும் வேலையில் நீடிக்கிறார்கள், முன்பைவிட எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்ற விவரம் எங்கும் தென்படவில்லை. கணக்குப் பார்த்தே பழகிய எனக்கு அது உறுத்துகிறது.

இத்தகைய அமைப்பில் நிர்வாகக் குழுவுக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா, அல்லது பெயருக்குத்தான் அமர்த்துகிறார்களா? தொழிற்பயிற்சியால் வறுமை குறைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று ஏதும் இருக்கிறதா? சம்மதிப்பதற்கு முன் நான் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பழையகணக்கு

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அதிகாரம் உண்டு, அதுவும் சட்டத்திலேயே எழுதப்பட்ட அதிகாரம். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், கூட்டத்தில் அமரும்போது உங்களுக்குத் தயக்கம் இருக்காது.

1964 ஜனவரியில் அதிபர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் வறுமையின் மீது போர் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று பொருளாதார வாய்ப்புச் சட்டம் கையெழுத்தானது. இளைஞர்கள் தங்கிப் பயிலும் ஜாப் கார்ப்ஸ், அவரவர் ஊரிலேயே வேலை தரும் நெய்பர்ஹுட் யூத் கார்ப்ஸ், உங்களை அழைத்திருப்பதைப் போன்று ஊர்தோறும் அமையும் சமூகச் செயல் அமைப்புகள் (கம்யூனிட்டி ஆக்‌ஷன் ஏஜென்சிகள்) ஆகிய மூன்றும் அந்த ஒரே சட்டத்தில் பிறந்தவை. ஆகவே தொழிற்பயிற்சியும் இளைஞர் திட்டமும் இந்த அமைப்புகளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. ஏழை மக்கள் தங்கள் பகுதித் திட்டங்களை வகுப்பதில் இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. இந்த ஒரு வரிதான் பெரும் பூசலைக் கிளப்பியது. மத்திய அரசின் பணம் நகராட்சியைத் தாண்டி நேராகக் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போவதையும், அந்தப் பணத்தில் இயங்கியவர்கள் நகராட்சியையே எதிர்த்துக் குரல் எழுப்புவதையும் பல நகர மேயர்களால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. ஓரிகன் மாநிலப் பிரதிநிதி எடித் கிரீன் 1967-இல் கொண்டுவந்த திருத்தம், எந்த அமைப்பு இப்பணியைச் செய்யலாம் என்று தீர்மானிப்பதில் உள்ளூர் அரசுகளுக்கு இடம் கொடுத்து அந்தப் பூசலைத் தணித்தது.

அந்தச் சமரசத்தின் எச்சமே இன்றைய மும்முனைக் குழு. தனியார் தொண்டு நிறுவனமாக இயங்கும் அமைப்பில் மூன்றில் ஒரு பங்கு இடம் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதிகளுக்கு உரியது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடத்தை, ஏழை மக்களின் பிரதிநிதிகளாக ஜனநாயக முறையில் தேர்வு செய்யப்பட்டவர்கள் நிரப்ப வேண்டும். எஞ்சியவை வணிகம், தொழிற்சங்கம், சமயம், கல்வி போன்ற துறைகளைச் சார்ந்தவர்களுக்கு. உங்களை அழைத்திருப்பது இந்த எஞ்சிய பங்கில். திட்டங்களை வகுப்பது, நடத்துவது, மதிப்பிடுவது ஆகிய அனைத்திலும் குழு முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நீங்கள் கேட்கும் ஓராண்டுக் கணக்கைத் தர மறுக்க அமைப்பின் இயக்குநருக்கு உரிமையில்லை என்று இதை எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

பணம் வரும் வழியையும் அறிந்துகொள்ளுங்கள். ரீகன் ஆட்சியில், 1981-இல், இந்த அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் தந்த பழைய மத்திய அலுவலகம் மூடப்பட்டு, சமூகச் சேவைத் தொகுப்பு மானியம் என்ற ஏற்பாடு வந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் அந்தத் தொகையில் குறைந்தது 90 சதவீதத்தை மாநிலங்கள் இந்த அமைப்புகளுக்கு அனுப்பியாக வேண்டும். நாடு முழுவதும் ஏறத்தாழ 1,000 அமைப்புகள் இருக்கின்றன. ஆண்டுத் தொகையோ அண்மைக் காலத்தில் 75 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியதுதான். பிரித்துப் பார்த்தால் ஓர் அமைப்புக்குச் சராசரியாகப் பத்து லட்சம் டாலர்கூட வராது. ஹெட் ஸ்டார்ட், எரிபொருள் உதவி, தொழிலாளர் துறை ஒப்பந்தங்கள் முதலியவற்றின் பணத்தில்தான் கட்டடமே நிற்கிறது. ஆனால் மற்ற மானியங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே செலவிடத்தக்கவை. இந்தச் சிறு தொகைக்கு அந்தக் கட்டு குறைவு. அதை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று பார்த்தாலே அமைப்பின் மனம் எங்கே இருக்கிறது என்று விளங்கிவிடும்.

மறுமொழி: வடக்குச்சாளரம்

உங்கள் இரண்டாம் கேள்வி பலரும் கேட்கத் தயங்குவது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி அளித்து, மறுபிரிவினரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இந்நாட்டில் நிறையவே நடந்திருக்கின்றன. அவற்றின் முடிவுகள் பயிற்சி என்ற பொதுப்பெயருக்குச் சாதகமாகவும் இல்லை, பாதகமாகவும் இல்லை. எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது.

1982-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் இயங்கிய திட்டங்களை, 16 இடங்களில், ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டு ஆராய்ந்தார்கள். வயது வந்த பெண்களின் வருமானம் ஓரளவு உயர்ந்தது. பள்ளியை விட்டு விலகிய இளைஞர்களுக்கோ குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. அதைக் காட்டி நாடாளுமன்றம் இளைஞர் பயிற்சிக்கான பணத்தைப் பெருமளவு வெட்டியது. ரெஸ்யூமே எழுதக் கற்பித்தல், வேலை தேடும் உத்திகள், சில வாரப் பொது வகுப்பு என்று மேலோட்டமாக நடந்த திட்டங்கள் அங்கே அதிகம் என்பதைக் கவனிக்காமல், இளைஞர்களுக்கு எதுவுமே பயன்படாது என்ற முடிவுக்குப் பலர் வந்தது வருந்தத்தக்கது.

அதற்கு நேர்மாறாக, ஒரு குறிப்பிட்ட துறையைத் தேர்ந்தெடுத்து, அத்துறையின் முதலாளிகளோடு பேசி, அவர்களுக்குத் தேவையான திறனை மட்டும் கற்பிக்கும் திட்டங்கள் தொடர்ந்து நல்ல விளைவைத் தந்திருக்கின்றன. மில்வாக்கி, பாஸ்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் இருந்த மூன்று அமைப்புகளை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த அறிக்கை, பயிற்சி பெற்றவர்கள் இரண்டாண்டுக் காலத்தில் மற்றவர்களைவிட 18 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று காட்டியது.

சான் அன்டோனியோ நகரின் புராஜெக்ட் குவெஸ்ட் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. 1990-இல் அங்கே லீவை ஸ்ட்ராஸ் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு ஏறத்தாழ 1,000 பேர் வேலையிழந்தார்கள். தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்ட இரண்டு மக்கள் அமைப்புகள் முயன்று 1992-இல் குவெஸ்டைத் தொடங்கின. அது தானே வகுப்பு நடத்துவதில்லை. ஆட்களைச் சமுதாயக் கல்லூரிக்கு அனுப்பி, கட்டணம், புத்தகம், பயணம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்கு உதவி, படிப்பு முடியும்வரை வாரந்தோறும் ஆலோசகர் ஒருவர் சந்தித்துப் பேச ஏற்பாடு செய்கிறது. செவிலியர் போன்ற மருத்துவத் துறை வேலைகளே அதில் பெரும்பான்மை. ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அவர்களின் கூடுதல் வருமானம் கரைந்துவிடவில்லை. இத்துறையில் இது அரிது. ஜாப் கார்ப்ஸ் தந்த உயர்வுகூடச் சில ஆண்டுகளில், இருபது வயதைக் கடந்து சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்களிடம், மறைந்துபோயிற்று.

ஆகவே உங்கள் அமைப்பு தானே வகுப்பறை வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஏன் என்று கேளுங்கள். கற்பிப்பதைக் கல்லூரி இவர்களைவிட நன்றாகச் செய்யும். கல்லூரியில் சேர்ந்தவர் பாதியில் நின்றுவிடாமல் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் இந்த அமைப்பு தேவைப்படுகிறது.

மறுமொழி: கிழக்குவாசல்

மேலே சொல்லப்பட்டதை ஒட்டி, களத்தில் கண்டதைச் சொல்கிறேன். வேறொரு மாநிலத்தில் இத்தகைய அமைப்பொன்றில், உதவி பெறுபவர்களை நேரில் சந்தித்துக் கவனிக்கும் கேஸ் மேனேஜராகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன்.

பாடம் கடினமாக இருக்கிறது என்று பயிற்சியைக் கைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட உறவினர் திடீரென்று வர இயலாது என்பார். பேருந்து இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஓடாது. பழைய போக்குவரத்து அபராதம் கட்டாததால் ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டிருக்கும். உரிமம் இல்லாமல் வேலைக்குப் போக இயலாது, வேலை இல்லாமல் அபராதம் கட்ட இயலாது. இவற்றுள் ஒவ்வொன்றும் சில நூறு டாலரில் தீரக்கூடியது. அந்தச் சில நூறு டாலரை உடனே தர யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் அலுவலகத்தில் அதற்கு மூன்று கையொப்பங்கள் தேவைப்பட்டன; கையொப்பங்கள் கிடைப்பதற்குள் ஆள் வகுப்பை விட்டுப் போயிருப்பார்.

வெளியாட்களுக்கு எளிதில் விளங்காத இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளம் உயரும்போது அரசு உதவிகள் குறையும். வாடகை உதவி பெறுபவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகத் தருவதால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 30 டாலர் அங்கே போய்விடுகிறது. அதோடு உணவு உதவியும் குறையும். வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் குழந்தைக் காப்பக மானியம் ஒரேயடியாக நின்றுபோகலாம். மணிக்கு ஒரு டாலர் சம்பள உயர்வை வேண்டாம் என்று ஒரு தாய் மறுத்தால், அதைச் சோம்பல் என்று எழுதிவிட்டுப் போகும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் கணக்குப் போட்டுத்தான் மறுத்தார். அவருடைய கணக்கு சரியாகவும் இருந்தது. பயிற்சியில் சேர்வதற்கு முன்பே, எந்தச் சம்பளத்தில் எந்த உதவி நிற்கும் என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து கணக்கிட்டுக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். மழலையர் வகுப்பு, எரிபொருள் உதவி, பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இந்த அமைப்புகளின் தனிப் பலம். பல இடங்களில் அந்த மூன்று பிரிவினரும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. ஒரே குடும்பம் மூன்று முறை அதே விண்ணப்பத்தை நிரப்புகிறது.

மறுமொழி: ஓடுபாதை

புள்ளிவிவரங்களைக் கேட்கச் சொல்லும் நண்பர்களோடு எனக்குப் பெரிதும் உடன்பாடு உண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கையை நெருக்கிக் கேட்டால், அமைப்பு எண்ணிக்கைக்கேற்ற ஆட்களைத் தேடத் தொடங்கும். எப்படியும் வேலை தேடிக்கொள்ளக்கூடியவரைச் சேர்த்துக்கொண்டு, சிறை சென்று மீண்டவரையும், எட்டாம் வகுப்பு அளவில்கூடப் படிக்க இயலாதவரையும் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். மேலே குறிப்பிட்ட 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில், இலக்கை எட்டியதாகக் காட்டுவதற்காகப் பயிற்சி மையங்கள் ஆட்களின் வெளியேறும் தேதியை முன்பின்னாகப் பதிவு செய்ததைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

குவெஸ்ட் போன்ற திட்டங்களைப் புகழ்வோர், அவற்றில் சேருவதற்கே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ அதற்கு இணையானதோ தேவை என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த வாசற்படிக்குக் கீழே நிற்பவருக்கு யார் பொறுப்பு?

இதற்கு ஒரு பழைய விடை உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் லியோன் சல்லிவன் என்ற கறுப்பினப் போதகர், 1960 முதல் சில ஆண்டுகள் நகரின் ஏறத்தாழ 400 போதகர்களோடு சேர்ந்து, கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்காத நிறுவனங்களின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தை நடத்தினார். நிறுவனங்கள் பணிந்து கதவைத் திறந்தன. திறந்த பிறகுதான், அந்த வேலைகளுக்கு உரிய பயிற்சி தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததன் விளைவு முழுதாகத் தெரிந்தது. 1964-இல் கைவிடப்பட்ட பழைய சிறைக்கட்டடம் ஒன்றில் தொழில் வாய்ப்பு மையத்தைத் தொடங்கினார். அங்கே தொழில் கற்பதற்கு முன்னதாக ஒரு முன்பயிற்சிப் பிரிவு இருந்தது: எழுத்து, கணக்கு, வேலையிடப் பழக்கங்கள், தம் வரலாற்றின் மீது மதிப்பு ஆகியவற்றைக் கற்றுத் தேறியவர் தொழிற்பிரிவுக்குச் செல்வார். சல்லிவனின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வேலைக்கான கதவைத் திறந்தார், பிறகு அதற்குரிய பயிற்சியைத் தந்தார். அதோடு பின்தங்கியவருக்காகக் கீழே இன்னொரு படியையும் கட்டினார். உங்கள் அமைப்பில் அந்தப் படி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏறுபவர்களின் கணக்கைத் தனியாக வைத்து, மற்றவர்களோடு கலக்காமல் மதிப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஏரிக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது. இரண்டு சிறு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கோடைக்கால இளைஞர் வேலைத் திட்டத்தையும் ஓராண்டு கழித்த வருமானத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டுமா? அடுத்து, எங்கள் மருத்துவமனையில் செவிலியர் உதவியாளர் இடங்கள் எப்போதும் காலியாகவே இருக்கின்றன. நான் குழுவில் இருந்துகொண்டு, அமைப்பில் பயிற்சி பெற்றவர்களை எங்கள் மருத்துவமனை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால், அது முறைகேடாகப் பார்க்கப்படுமா?

மறுமொழி: வடக்குச்சாளரம்

முதல் ஐயத்துக்கு: வேண்டாம். அந்த அளவுகோலால் அளந்தால் கோடைத் திட்டம் தோற்றதாகவே தெரியும். நியூயார்க் நகரில் குலுக்கல் மூலம் கோடை வேலை பெற்றவர்களை ஆராய்ந்தபோது, பிற்காலச் சம்பளத்தில் உயர்வு ஏதும் இல்லை. ஆனால் சிறை செல்வதும் இளவயது மரணமும் குறைந்திருந்தன. சிகாகோவில் 1,634 பள்ளி மாணவர்களைக் கொண்டு நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், வாரத்துக்கு 25 மணி நேரம், எட்டு வாரம் மட்டுமே நடந்த குறைந்தபட்சக் கூலி வேலை, அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகளை 43 சதவீதம் குறைத்தது. கைதுகள் குறைந்தது பெரும்பாலும் கோடை முடிந்த பிறகுதான். அதனால், சும்மா இருக்க நேரமில்லாததால் குறைந்தது என்று மட்டும் சொல்லிவிட இயலாது. வேலையிடத்தில் பெரியவர் ஒருவர் பொறுப்பாக உடனிருந்ததற்கு அதில் பங்கு இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே, ஒவ்வோர் இளைஞருக்கும் வேலையிடத்தில் பொறுப்பாளர் யார், அவருக்கு என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

பெரியவர்களுக்கான பயிற்சிக்கு நீங்கள் புதிதாக அளவுகோல் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டின் தொழிலாளர் வாய்ப்புச் சட்டத்தின்படி பணம் பெறும் திட்டங்களில், வெளியேறிய பின் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருப்போரின் விகிதமும், இரண்டாம் காலாண்டின் இடைநிலை வருமானமும் (பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாகவும் பாதிப்பேர் குறைவாகவும் பெறும் தொகை) கட்டாயம் பதிவாக வேண்டும். மாநிலத்தின் சம்பளப் பதிவேட்டிலிருந்தே அவற்றை எடுக்கிறார்கள். உங்கள் அமைப்பு அந்தப் பணத்தைப் பெறுமானால், நீங்கள் தேடிய ஓராண்டுக் கணக்கு மாநிலத்திடமாவது இருக்கும். ஆண்டறிக்கையில் அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுமொழி: பழையகணக்கு

இரண்டாம் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். ஆட்களை வேலைக்கு எடுப்பதில் முறைகேடு எதுவும் இல்லை. அதற்காகத்தான் தனியார் துறைக்குக் குழுவில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு அமைப்பிலிருந்து பணம் போகுமானால் கதை வேறு. பயிற்சிக் காலத்தில் கூலியின் ஒரு பகுதியை முதலாளிக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தால், உங்கள் தொடர்பை எழுத்து மூலம் அறிவித்து, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் வெளியே இருங்கள். அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் மூன்று ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். தொண்டு நிறுவனங்கள் தம் வரவு செலவைக் காட்டி வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 படிவம் பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். மத்திய அரசுப் பணத்தைக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் செலவிடும் அமைப்புகளுக்கு ஒருங்கிணைந்த தணிக்கை கட்டாயம். அதில் தணிக்கையாளர் கண்ட குறைகள் ஆண்டுதோறும் மாறாமல் அதே குறைகளாக வருகின்றனவா என்று உங்களைப் போன்ற கணக்காளரால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட இயலும். மூன்றாவது, மூன்றாண்டுக்கு ஒரு முறை தயாரிக்க வேண்டிய சமூகத் தேவை மதிப்பீடு. அதில் உங்கள் மருத்துவமனை போன்ற முதலாளிகளிடம் எந்த வேலைகள் காலியாக உள்ளன என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருக்கவில்லை என்றால், முதல் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டியது அதுதான். செவிலியர் உதவியாளர் இடங்களின் எண்ணிக்கை, ஷிஃப்ட் நேரம், தொடக்கச் சம்பளம், எந்தக் குற்றப் பின்னணி இருந்தால் சட்டப்படி எடுக்க இயலாது ஆகிய விவரங்களை மருத்துவமனையின் மனிதவளப் பிரிவிடம் கேட்டு, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.